ஈம் கிராமத்தில் என்னைக் கடந்துபோன பஸ்

இங்கிலாந்துக்குப் படிக்க வருகிறவர்களுக்கு ரைஸ் குக்கர் கொண்டுவா, தெர்மல் வாங்கு, வங்கிக் கணக்கு திற என்று ஆயிரம் பேர் அறிவுரை சொல்கிறார்கள். கிராமத்து நிறுத்தத்தில் சும்மா நின்றால் பஸ் நிற்காது, கையை நீட்ட வேண்டும் என்று மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு 48 பவுண்டும், ஒரு ஜோடி ஷூவும், மறுநாள் லேப் வகுப்பும் செலவாகின. அழுத அழுகையைக் கணக்கில் சேர்க்கவில்லை. தனியாக ஒரு இங்கிலீஷ் கிராமத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர் யாராவது இதைப் படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் பக்கத்துப் பெண். ஷெஃபீல்டில் முதுகலை படிக்க 2025 செப்டம்பரில் வந்தேன். இரண்டு மாதம் ஓடியும் விடுதி, வகுப்பு, நான் தட்டு கழுவும் உணவகம், இந்த மூன்றைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நவம்பர் கடைசித் திங்கட்கிழமை வகுப்பும் இல்லை, வேலையும் இல்லை. கூடத் தங்கியிருக்கும் திருநெல்வேலி அக்காவைக் கூப்பிட்டேன். “இந்தக் குளிர்ல எவ போவா? கோடையில போகலாம்டி” என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். சரி, நாமே போவோம் என்று கிளம்பிவிட்டேன்.

போன ஊர் ஈம். டெர்பிஷரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள், ஷெஃபீல்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சின்ன ஊர். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ஏயம் என்றுதான் வாயில் வரும். நானும் ஓட்டுநரிடம் அப்படியே கேட்டேன். அவர் முழித்தார். போனில் பெயரைக் காட்டியதும் “ஓ, ஈம்!” என்றார். தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என்ன நினைவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈமச்சடங்கு, ஈமக்காடு. தற்செயல்தான். ஆனால் அந்த ஊர் பெயர் வாங்கியதும் சாவினால்தான்.

1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஈம் ஊர்த் தையல்காரர் வீட்டுக்கு ஒரு துணிப்பொதி வந்தது. அதில் இருந்த தெள்ளுப்பூச்சிகளோடு பிளேக்கும் வந்தது என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. பொதியைப் பிரித்து உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாள்தான் முதலில் இறந்தவர். அடுத்த ஆண்டு கோடையில் நோய் வெறிபிடித்துப் பரவியபோது, ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன்பு அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து மக்களிடம் பேசினார்கள். ஊரை விட்டு யாரும் வெளியே போக வேண்டாம், வெளியாளும் உள்ளே வர வேண்டாம், நோய் நம்மோடு முடியட்டும் என்று முடிவானது. 1666 நவம்பரில் ஓய்ந்தபோது 260 பேர் போயிருந்தார்கள். 2020இல் எங்கள் தெருவைத் தகரம் அடித்து அடைத்தபோது பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டுக்குள் கிடந்தவள் நான். இதைப் படித்த நாளிலிருந்தே அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

பஸ் கட்டணம் 3 பவுண்ட். இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒருவழிக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2023இல் 2 பவுண்டாக இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து 3 ஆனது. அதனால் கிராமத்துக்குப் போவது மலிவுதான். திரும்பி வருவதில்தான் பணம் போகும், அதற்கு அப்புறம் வருகிறேன். நகரம் முடிந்ததும் மரமே இல்லாத மேட்டுவெளி வந்தது, மூர் என்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் துருப்பிடித்த தகரத்தின் நிறம். பிறகு பஸ் கிடுகிடுவென்று பள்ளத்தாக்கில் இறங்கி, டெர்வென்ட் ஆற்றைத் தாண்டி, மறுபடி ஏறி ஈமில் விட்டது. கதவு திறந்ததும் முகத்தில் குளிர் அறைந்தது. மணி பதினொன்றரை. போனில் சிக்னல் ஒரு கோடு, சார்ஜ் 71 சதவீதம்.

முதல் அடி அருங்காட்சியகத்தில் விழுந்தது. கூரை உச்சியில் காற்றுத்திசை காட்டும் கருவியில் சேவலுக்குப் பதில் எலி இருக்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன், கதவு பூட்டு. திங்கட்கிழமை விடுமுறை. நம்மூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் அருங்காட்சியகங்களைப் பார்த்தவள்தானே, இதை யோசித்திருக்க வேண்டும். அடுத்து சாப்பாடு. பப்பில் சமையலறை அன்றைக்கு இல்லையாம், மாலை ஐந்து மணிக்குத்தான் திறப்பார்களாம். தேநீர்க் கடையும் மூடியிருந்தது. இங்கே கிராமங்கள் சனி, ஞாயிறு வரும் கூட்டத்தை வைத்துப் பிழைக்கின்றன. திங்கள், செவ்வாயில் ஊரே மூச்சு வாங்குகிறது. அதிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பல இடங்கள் அரைத் தூக்கத்தில் இருக்கும். போகிற இடம் எந்தக் கிழமை, எந்த மாதம் திறந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பையில் இரண்டு சப்பாத்தியாவது சுருட்டி வையுங்கள். என்னிடம் இருந்தது அரைப் பாக்கெட் பிஸ்கட்.

ஆனாலும் தேவாலய வாசலில் நின்றபோது வந்தது வீண் என்று தோன்றவில்லை. முற்றத்தில் எட்டாம் நூற்றாண்டுக் கற்சிலுவை, உடம்பெல்லாம் சுருள் சுருளான கொடிச் செதுக்கல். பக்கத்தில் மாம்பெசனின் மனைவி கேத்தரின் கல்லறை. ஊரை விட்டுப் போகாமல் கணவரோடு நின்றவர், 1666 ஆகஸ்டில் 27 வயதில் இறந்தார். தேவாலயத்தை ஒட்டிய கல்வீடுகளின் முன்னால் பச்சைப் பலகைகள். இந்த வீட்டில் இன்னார், இன்ன தேதி, அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று பட்டியல். ஒரு பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு உள்ளே ஒருவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். சங்கடமாகப் போய்விட்டது. இவை காட்சிக்கு வைத்த வீடுகள் இல்லை, ஆட்கள் குடியிருக்கிறார்கள். படிக்கலாம், வெளியிலிருந்து படம் எடுக்கலாம். சன்னல் பக்கம் போனைத் திருப்பாதீர்கள்.

அப்புறம் எல்லைக்கல். ஈமுக்கும் கீழே இருக்கும் ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவில் வயல்வெளியில் கிடக்கிறது. லிட்கேட் தெரு வழியாகப் போய் வயலுக்குள் நடக்க வேண்டும். தனியார் வயல்தான், ஆனால் பொதுப் பாதை உரிமை உண்டு, மஞ்சள் அம்புக்குறி போட்டிருப்பார்கள். கல் சுவரில் ஆள் மட்டும் ஒருச்சாய்ந்து நுழைகிற மாதிரி கடவு விட்டிருக்கிறார்கள், ஆடு நுழைய முடியாது. என் முதுகுப்பை அதில் மாட்டிக்கொண்டு நான் திண்டாடியதை எதிரே நின்ற ஆடுகள் அசை போட்டபடி பார்த்தன. வழியில் கதவு வந்தால் திறந்த கையோடு மூடிவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், விவசாயிகளுக்கு இதில் கோபம் அதிகம்.

கல் முழங்கால் உயரம்கூட இருக்காது. மேலே குழிகள். தனித்திருந்த நாட்களில் ஈம் மக்கள் அந்தக் குழிகளில் வினிகரை ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்களாம், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுச் சாமானை வைத்துவிட்டுப் போவார்களாம். ஒரு குழியில் விரலை விட்டுப் பார்த்தேன். மழைத்தண்ணீர், சில்லென்று. அடியில் யாரோ போட்ட பென்னிக் காசு ஒன்று தட்டுப்பட்டது. வாய் தேய்ந்து வழவழவென்று இருந்த அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நாயோடு வந்த ஒரு மூதாட்டிதான் என்னைக் கலைத்தார். “சீக்கிரம் இருட்டிவிடும், டக்” என்றார். டக் என்றால் வாத்துதான், டெர்பிஷர்க்காரர்கள் நம் ‘கண்ணு’ மாதிரி வாஞ்சையோடு அப்படிக் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்குப் புரிந்தது ஏதோ வாத்தைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் வழுக்கி விழுந்தேன். வகுப்புக்குப் போட்டுப் போகிற 35 பவுண்ட் துணி ஷூ, அடி வழவழப்பானது. ஒரு காலே சேற்றுக்குள் போய்விட்டது. சாக்ஸுக்குள் தண்ணீர் புகுந்த பிறகு இந்தக் குளிரில் கால் காய்வது என்பது நடக்காத காரியம். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி வைத்திருந்தால் அன்றைய பாதித் துன்பம் குறைந்திருக்கும். அப்போதே பஸ் நிறுத்தத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் ரைலி கல்லறைகளைப் பார்க்காமல் எப்படி வருவது? ஊருக்குக் கிழக்கே சிறு மேட்டில், வயலுக்கு நடுவே வட்டமான கல்சுவருக்குள் இருக்கின்றன. எலிசபெத் ஹான்காக் என்ற தாய் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழுத்து வந்து தன் கையாலேயே புதைத்த இடம். அவரவர் வீட்டுச் சாவை அவரவரே அடக்கம் செய்துகொள்ள வேண்டும் என்பது ஊர் போட்ட கட்டுப்பாடுகளில் ஒன்று. அங்கே நின்றபோது வெளிச்சம் குறைவதைக் கவனித்தேன். மணி மூன்றேகால்தான். அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள், நவம்பர் இறுதியில் நாலு மணிக்குள் சூரியன் போய்விடும். மேகம் இருந்தால் அதற்கும் முன்பே. ஆறரை வரை வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்த உடம்புக்கு இது எளிதில் ஏறுவதில்லை.

நாலு மணிக்குச் சற்றுப் பிறகு பஸ். பத்து நிமிடம் முன்பே நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். கறுப்புக் கோட்டு, கறுப்புக் குல்லாய், கறுப்புப் பை. சரியான நேரத்துக்கு வளைவில் வெளிச்சம் தெரிந்தது. நான் பையைத் தோளில் மாட்டி, அட்டையைக் கையில் எடுத்து, நல்ல பிள்ளையாகக் கம்பத்தோடு ஒட்டி நின்றேன். பஸ் வேகம் குறையவே இல்லை. சேற்றுத் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயே போய்விட்டது. ‘ஏய், ஏய்’ என்று தமிழில் கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினேன். எங்கள் ஊர் மினிபஸ்காரர் சந்துக்குள் ஆள் வருவது தெரிந்தாலே நிறுத்திக் காத்திருப்பார். இங்கே கையை நன்றாக நீட்டினால்தான் ஏறப்போகிறோம் என்று அர்த்தம், இல்லையென்றால் சும்மா நிற்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். இருட்டில் கறுப்பு உடையோடு நின்ற என்னை அந்த ஓட்டுநர் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. கையை நீட்டுவதோடு போனில் டார்ச்சைப் போட்டுக் கீழ்நோக்கிக் காட்டியிருந்தால் தெரிந்திருப்பேன்.

அட்டவணையைப் பார்த்தேன். அதற்கு மேல் பஸ் இல்லை. எனக்கு வயிற்றில் ஒன்று புரண்டது. டாக்ஸிச் செயலியைத் திறந்தால் வண்டியே காட்டவில்லை. சார்ஜ் 19 சதவீதம். குளிரில் போன் பேட்டரி மளமளவென்று இறங்கும், உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்திருக்க வேண்டும், பவர்பேங்க் வேண்டும். இதெல்லாம் இப்போது எழுதும்போது வரிசையாக வருகிறது. அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று. கிரிண்டில்ஃபோர்டில் ரயில் நிலையம் இருக்கிறது, சுமார் ஐந்து கிலோமீட்டர், நடந்துவிடலாம்.

அன்றைக்கு நான் செய்ததிலேயே பெரிய மடத்தனம் அதுதான். ஊர் விளக்குகள் முடிந்ததும் இருட்டு என்றால் அப்படி ஒரு இருட்டு. நடைபாதை கிடையாது, இரண்டு பக்கமும் கல்சுவர். ஊர் எல்லையில் வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட பலகை இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் கார்கள் 60 மைல் வேகத்தில் போகலாம் என்று அர்த்தம், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர். ஒவ்வொரு கார் வரும்போதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். நடந்தே ஆக வேண்டிய நிலை வந்தால் சாலையின் வலது பக்கமாக, வண்டிகளுக்கு எதிர்முகமாக நடக்க வேண்டும். நான் இடது பக்கம் நடந்தேன். பின்னால் வருவது எதுவும் தெரியவில்லை. சற்றுமுன் போய்வந்த ரைலி பாதையின் கைகாட்டி டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தபோது, பொய் சொல்வானேன், எட்டு நாளில் ஏழு பேரைப் புதைத்த அந்த அம்மாளின் நினைவு வந்து முதுகு சில்லிட்டது. அப்போது ஒரு கார் வேகம் குறைந்து என் பக்கத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர் “நீங்கள் நலம்தானே?” என்று கேட்டார். நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “வீடு பக்கத்தில்தான்” என்று பொய் சொன்னேன். அவர் போனபிறகு நடுங்கிக்கொண்டே அழுதேன். அந்த இடத்திலேயே திரும்பி ஊரை நோக்கி நடந்தேன். அன்று முழுக்க நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு.

வழி தெரியாமல் உண்மையிலேயே மாட்டிக்கொண்டால் 999 அழைக்கத் தயங்க வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அவசர அழைப்பு போகும். வயல், மலைப் பக்கம் என்றால் போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருந்தால் 999க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆனால் அதற்கு முன்கூட்டியே ‘ரிஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் அதே எண்ணுக்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை, இன்றைக்கே செய்துவிடுங்கள்.

ஐந்து மணிக்குப் பப் திறந்ததும் உள்ளே போனேன். எனக்குப் பப் என்றால் குடிக்கிற இடம், தனிப் பெண் போகக்கூடாத இடம் என்று ஒரு கூச்சம். மத்தியானம்கூட வாசலில் நின்றே கேட்டுவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் கிராமத்தில் இருட்டிய பிறகு திறந்திருக்கும் ஒரே பொது இடம் பல நேரம் அதுதான். குடிக்கத் தேவையில்லை, தேநீர் கேட்டால் தருவார்கள். கணப்படுப்புப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். என் ஷூவைக் கழற்றி அடுப்பு ஓரத்தில் வைக்கச் சொன்னார் கடைக்காரர். அவருடைய தொலைபேசியிலிருந்தே டாக்ஸிக்குப் பேசினார். முதல் இரண்டு இடத்தில் வண்டி இல்லை. மாலை நேரத்தில் கிராமத்து டாக்ஸிகள் பள்ளிப் பிள்ளைகளை வீட்டில் விடும் ஒப்பந்த ஓட்டத்தில் போய்விடுமாம். மூன்றாவது ஆள் 48 பவுண்ட் என்றார், ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அப்போது எனக்கு மணிக்கு 12.21 பவுண்ட் சம்பளம். நாலு மணி நேரம் தட்டு கழுவிய காசு. ரூபாயில் ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். சரி என்றேன்.

ஆறேகாலுக்கு டாக்ஸி வந்தது. மேட்டுவெளியில் ஏறும்போது எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் அதை முந்தினார். பின்பக்கம் எழுதியிருந்த எண் காலையில் நான் வந்த பஸ்ஸின் எண். உள்ளே நாலு பேர் வெளிச்சத்தில் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். அறைக்கு வந்து, நான் எடுத்து வைத்திருந்த அட்டவணைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கான பத்தியைப் பார்த்திருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரைக்கான பத்தியில் ஆறு மணிக்கு மேல் ஒரு பஸ் கொட்டை எழுத்தில் இருந்தது. பப்பில் இன்னொரு தேநீர் குடித்திருந்தால் 3 பவுண்டில் வந்திருப்பேன். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கார் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்குப் பஸ் நேரம் தெரிவதில்லை. அவர்களிடம் கேட்டால் ‘பஸ்ஸா?’ என்று வானத்தைப் பார்ப்பார்கள். பள்ளி நாள், விடுமுறை நாள், சனி, ஞாயிறு என்று பத்திகள் தனித்தனி. பருவத்துக்குப் பருவம் நேரமும் மாறும், அதனால்தான் இங்கே நான் பஸ் எண்ணையோ சரியான நேரத்தையோ எழுதவில்லை. கிளம்புவதற்கு முந்தின இரவு, திரும்பி வரும் கடைசி இரண்டு பஸ்களின் நேரத்தைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்கத் திட்டமிடுங்கள்.

மறுநாள் காய்ச்சல். லேப் போச்சு, அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை போச்சு. ஷூவைத் துவைத்துப் பார்த்தேன், பசை விட்டுப்போனது. அம்மாவிடம் “ஊர் சுற்றிப் பார்த்தேன், நல்லா இருந்துச்சு” என்றேன். அக்காவிடம் மட்டும் முழுக்கதையும் சொன்னேன். திட்டித் தீர்த்துவிட்டு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

ஏப்ரலில் அவளையும் இழுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மறுபடி போனேன். வயலெல்லாம் ஆட்டுக்குட்டிகள். அருங்காட்சியகம் திறந்திருந்தது. என் காலில் நல்ல பூட்ஸ், பையில் புளியோதரை, சட்டைப்பையில் காகிதம். மாலை வெயிலில் அதே கம்பத்தருகே நின்றபோது, தூரத்தில் பஸ் தலை தெரிந்ததுமே போலீஸ்காரர் மாதிரி கையை முழுக்க நீட்டி ஆட்டத் தொடங்கிவிட்டேன். அக்கா வெட்கப்பட்டுத் தள்ளி நின்றாள். பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்த ஓட்டுநர் சிரித்துக்கொண்டே சொன்னார், “தெரியுது, டக். கையை இறக்கலாம்.”